எல்லா வாத்தியங்களும் அவரே

போன வாரம் மகன் என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். "அம்மா, உன் ஆளோட எல்லா பாட்டும் இதுல இருக்கு. நீ கேக்காததுகூட இருக்கு" என்றான். மராத்திக்காரர்கள் நடுவே வானவடியில் பிறந்து வளர்ந்த பிள்ளை, இத்தனை தமிழைச் சேர்ந்தாற்போல் பேசியதே பெரிய விஷயம். ஆனாலும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் கேட்காதது என்று ஒன்று இருக்கிறதா? தேடினேன். இருந்தது, ஏகப்பட்டது. ரோஷத்தை மடித்து வைத்துவிட்டு, மனப்பாடமான ஒரு பழைய பாட்டைப் போட்டேன். நடுவில் எல்லா வாத்தியங்களும் அடங்கி பேஸ் கிட்டார் மட்டும் துள்ளிக்கொண்டிருக்கும்போது ஒரு 'டிங்' வர வேண்டும். வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

'என் ஆள்' என்பது அமெரிக்காவில் ஃபங்க் பாட்டுப் போட்டுக் குவித்த ஒரு மனிதர். ஃபங்க் என்றால் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள்; உட்கார்ந்த இடத்தில் உட்கார விடாத பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரை நாங்கள் சொல்லிக்கொண்டதே இல்லை. எனக்கும் மேதாவுக்கும் அவர் 'ஆப்லா மாணூஸ்', மராத்தியில் நம்ம ஆள்.

மேதா, போசரியில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் எனக்குப் பக்கத்து டிராயிங் போர்டு. தொண்ணூறுகளின் தொடக்கம். இரண்டு பேரும் பகலெல்லாம் பல்சக்கரம் வரைவோம், பென்சில் சீவும் நேரத்தில் நம்ம ஆளைப் பற்றிப் பேசுவோம். அவளுடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். எந்தத் துறைமுகத்தில் எந்த கேசட் கிடைத்ததோ அதுதான் எங்களுக்கு வந்து சேரும். அதனால் நம்ம ஆளின் வாழ்க்கை எங்களுக்குக் கப்பல் போன வழியில்தான் தெரியும், வருஷ வரிசையில் இல்லை. சிங்கப்பூரில் அவர் பக்குவப்பட்ட மனிதர், கடவுளைப் பற்றிப் பாடினார். ஹாம்பர்க்கில் திடீரென்று மீசை முளைக்காத பையனாகி, வெட்கமில்லாமல் காதலித்தார். பக்தி முற்றிய மனிதர் இப்படிக் கெட்டுப்போய்விட்டாரே என்று நாங்கள் இரண்டு பேரும் நிஜமாகவே வருத்தப்பட்டோம்.

அண்ணன் லீவு முடிந்து போகும்போது கேசட்டும் கூடவே போய்விடும். அதற்குள் காப்பி எடுத்தாக வேண்டும். இரண்டு கேசட் போடும் டெக் எங்கள் இருவர் வீட்டிலும் கிடையாது. நாங்கள் இருந்தது கட்கியில், அப்பா வேலை செய்த வெடிமருந்துத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் டேப்ரிக்கார்டரையும் பக்கத்து வீட்டு டேப்ரிக்கார்டரையும் கட்டிலில் எதிரும் புதிருமாக வைத்து, மேலே ஒரு போர்வையைப் போர்த்துவேன். ஒன்று பாடும், இன்னொன்று கேட்டுக்கொள்ளும். வாசல் கதவில் சிவப்புத் துண்டு தொங்கினால் ரெக்கார்டிங் நடக்கிறது என்று அர்த்தம். பால்காரர் மணி அடிக்க மாட்டார். அம்மா குக்கர் வைக்க மாட்டாள். அந்த வரிசையில் யாராவது தும்ம வேண்டுமென்றால்கூட மைதானத்துக்குப் போய்த் தும்மிவிட்டு வந்தார்கள் என்று என் தம்பி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

அப்பா மட்டும் முணுமுணுப்பார். ஆம்பூர்க்காரர், யூனியன் ஆள். "இன்னாம்மா இது, பாடறது ஆம்பளயா பொம்பளயா?" என்பதில் தொடங்குவார். ஒருநாள் கேசட் அட்டையை நீட்டி, டிரம்ஸ், கிட்டார், கீபோர்டு எல்லாமே இவர் ஒருத்தர்தான் என்று பெருமையாகப் படித்துக் காட்டினேன். அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"பத்து ஆளு வேலய ஒத்த ஆளே செஞ்சா மத்தவன் சோத்துக்கு இன்னா பண்ணுவான்? இவனுக்கா கை தட்றீங்க?"

எனக்குப் பிடித்ததெல்லாம் அவருக்குப் பிடிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசை எனக்கு. வெளியே, "உங்களுக்கு ரசனை இல்லப்பா" என்று சொல்லிவிட்டு வால்யூமைக் கூட்டினேன்.

அந்த 'டிங்' அப்போது எடுத்த கேசட்டில்தான் இருந்தது. தாளத்துக்குச் சற்றுத் தள்ளி, யாரும் எதிர்பாராத நேரத்தில் ஒரே ஒரு தட்டு. எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. பாட்டு முழுக்கக் காத்திருந்து ஒரே ஒருமுறை மணி அடிக்கிறார் பார், இவரல்லவா மேதை என்று மேதாவிடம் சொன்னேன். "அரே, அப்படி ஒண்ணும் அதுல இல்லையே" என்றாள். உன் டேப்ரிக்கார்டர் ஸ்பீக்கர் சரியில்லை என்றேன். சரிபார்க்க அசல் கேசட் நடுக்கடலில் இருந்தது. இந்தச் சண்டை எங்களுக்குள் வருஷக்கணக்கில் நடந்தது. நான் கல்யாணமாகி வானவடிக்கு வந்தேன், போசரியில் டிராயிங் போர்டுகள் போய் கம்ப்யூட்டர் வந்தது, சண்டை மட்டும் அப்படியே இருந்தது. ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கெல்லாம் அந்த மணியைப் பற்றி வகுப்பே எடுத்திருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேம்ப் கடைத்தெருவில் ஒரு கடையில் அந்த ஆல்பத்தின் சி.டி. கிடைத்ததென்று மேதா வெற்றி முகத்தோடு வந்து நின்றாள். அப்பா அப்போது ரிட்டயராகி எங்களோடு இருந்தார். பால்கனியில் உட்கார்ந்து ஷேவ் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் கட்கி நாளிலிருந்து கூடவே வரும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர். பாட்டு ஓடியது. வாத்தியங்கள் அடங்கின. பேஸ் கிட்டார் துள்ளியது.

டிங்.

"கேட்டியா!" என்று நான் குதித்தேன். மேதா என்னைப் பார்க்கவில்லை, பால்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது உங்க அப்பா" என்றாள்.

திரும்ப அதே இடத்திலிருந்து போட்டோம். இந்த முறை அப்பாவையே பார்த்துக்கொண்டு. அவர் எங்களைக் கவனிக்கவில்லை. ரேஸரை அந்தரத்தில் பிடித்தபடி தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். தாளத்துக்குச் சற்றுத் தள்ளி, டம்ளர் விளிம்பில் ஒரு தட்டு. சி.டி.யில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

மேதா சிரித்துச் சிரித்து சோபாவில் சாய்ந்துவிட்டாள். எனக்கும் சிரிப்புதான் வந்தது. "அப்பா, அப்போ கட்கியில தட்டினதும் நீங்கதானா?" என்றேன்.

"இத்தினி வேலயும் ஒத்த ஆளே செய்றான். ஒரு தட்டு நாம தட்டுனா கொறஞ்சா பூடும்?" என்றார்.

முதல் தடவை தெரியாமல் பட்டதா, தெரிந்தே தட்டியதா என்று கேட்டேன். அவர் இன்னொரு கன்னத்துக்கு சோப்புப் போட ஆரம்பித்துவிட்டார்.

சண்டையில் தோற்றதற்காக மேதாவுக்கு வெண்ணெய் தடவிய பன் மஸ்காவும் சாயும் வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்ட இரானி டீக்கடை இப்போது இல்லை. சி.டி. விற்ற கடையில் செல்போன் கவர் தொங்குகிறது. மேதா மகளோடு கனடாவில் இருக்கிறாள். கேசட் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பழைய பேப்பரோடு பழைய பேப்பராகப் போய்விட்டது. அது ஓடாத கேசட்தானே என்று எடுத்துப் போட்டது நானேதான். அப்பா போய்ச் சேர்ந்த பிறகுதான் அதைத் தேடி அலமாரியெல்லாம் கொட்டினேன். டம்ளர் மட்டும் இருக்கிறது, அரிசி அளக்க.

ஆப்பில் அந்தப் பாட்டுக்குக் கீழே யார் யார் வாசித்தார்கள் என்று போட்டிருக்கிறது. ஒரே பெயர்தான். எங்கள் கேசட்டில் இரண்டு பேர் வாசித்தார்கள். இன்று காலையும் போட்டுக் கேட்டேன். அந்த இடம் வந்தது. பாட்டு யாருக்காகவும் நிற்காமல் கடந்து போய்விட்டது.