சித்தி விளக்கில்லாமல் கடந்த சுரங்கம்

“உங்க சித்தி கள்ளாட்டம் ஆடுனாங்களாமே, நிஜமாவா?”

செல்போன் கடையில் நின்றபோது பள்ளியில் என்னோடு படித்தவள் கேட்டாள். சித்தி வீடியோ கேம் ஆடும் அந்த வீடியோவை நானும் பார்த்திருந்தேன். கும்மிருட்டில் சித்தி எப்படி அப்படி நடந்தார் என்று எனக்கும் விளங்கவில்லை. நேராகச் சித்தி வீட்டுக்குப் போன பிறகுதான் எல்லாம் தெரிந்தது.

சித்தி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். கன்னம் வீங்கியவர்களிடம் “உக்காருங்க, இப்ப கூப்பிடுவாங்க” என்று சொல்லிச் சொல்லியே அவர் பகல் கழியும். வீட்டுக்கு வந்து கைப்பையை வைத்த கையோடு வீடியோ கேம். குகைப் பூதம் வாயைப் பிளந்தால், “இன்னும் கொஞ்சம் பெருசா திறங்க சார்” என்பார். சித்தப்பா காய் நறுக்குவதை விட்டுவிட்டுச் சிரிப்பார்.

அந்த விளையாட்டில் ஒரு சுரங்கம் உண்டு. விளக்கேற்றினால் பூதங்கள் விழித்துக்கொள்ளும்; ஏற்றாவிட்டால் வழி தெரியாது. சித்தி ஏற்றாமலே கடந்தார். சுவரோரப் பாசி இருந்தும் இல்லாததுபோல மினுங்கியிருக்கிறது. அதையே பிடித்துக்கொண்டு நடந்து, முழுவதையும் எச்.டி.ஆர். என்ற பதிவு முறையில் பதிவு செய்திருக்கிறார். சாதாரணப் பதிவில் மங்கலும் கும்மிருட்டும் ஒன்றாகிவிடும். எச்.டி.ஆர். இரண்டையும் பிரித்துக் காட்டும். சித்தி நேர்மையாக ஆடியதற்கு அந்தப் பாசிதான் ஒரே சாட்சி.

அதை வெட்டி ஒட்டித் தன் சேனலில் போட்டவர் சித்தப்பாவின் தம்பி. வாயைத் திறந்தாலே “மக்களே!” என்பதால் வீட்டில் அவர் பெயரே மக்களே. அவர் அறைக்குள் போனாலே எனக்குக் குமட்டும். மவுஸில் சிப்ஸ் எண்ணெய், கீபோர்டு இடுக்கில் நகத்துணுக்கு, கோப்பையில் ஆடை கட்டிய பழைய டீ. அவருடையது சாதாரணத் திரை. எச்.டி.ஆர். பதிவை அதில் அப்படியே திறந்தால் சாயம் போன துணிபோலத் தெரியும். முதலில் நிறங்களை அந்தத் திரைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். இவரோ பதிவு கெட்டுவிட்டது என்று நினைத்து, கருமையைக் கூட்டு கூட்டென்று கூட்டினார். பாசி அடியோடு மறைந்தது.

அப்புறம் கேட்கவா வேண்டும்? சுவருக்குப் பின்னாலும் பார்க்க வைக்கும் திருட்டு மென்பொருளை வைத்துச் சித்தி ஆடியதாகப் பார்த்தவர்கள் எழுதினார்கள். அதற்குக் கீழே எழுதியதையெல்லாம் இங்கே எழுத என் கை கூசுகிறது.

சித்தியோடு நானும் மக்களேயின் அறைக்குப் போனேன்.

“தம்பி, பாசியே காணோம். எடுத்துட்டு ஒழுங்கா போடுங்க.”

“இப்பதான், அண்ணி, வீடியோ ஓட ஆரம்பிச்சிருக்கு! திட்டுறவன்தான் ரெண்டு தடவ பார்ப்பான்.”

“திட்டு வாங்குறது நானாச்சே?”

“உங்க மூஞ்சியா தெரியுது? குரல் மட்டும்தானே.”

“அந்தக் குரல வச்சுத்தான் வர்ற பேஷன்ட் எல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க.”

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். தலைப்பையே மாற்றியிருந்தார்: ‘கையும் களவுமாக மாட்டினாரா அண்ணி?’ சொந்த வீட்டு ஆள்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“என் பதிவைக் குடுங்க, நானே போட்டுக்கிறேன்.”

“அதுவா? இடத்த அடைச்சுது, அழிச்சுட்டேன்.” சித்தி பதிவைப் போட்டுக் கொடுத்த மெமரி கார்டின் முனையால்தான் பல் குத்திக்கொண்டிருந்தார்.

“அதால குத்தாதீங்க, ஈறு கிழியும்” என்றார் சித்தி, தொழில் பழக்கம். கார்டைப் பிடுங்கி, புடவைத் தலைப்பு படாமல் காகிதத்தால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

விடுமுறை நாளில் மறுபடி சுரங்கத்தில் இறங்கினார். செத்துச் செத்துப் பிழைத்துக் கடைசியில் கடந்தார். எதையும் வெட்டாமல், நிறத்தைத் தொடாமல், தன் பெயரிலேயே இணையத்தில் ஏற்றினார். ஏற்றிய உடனே இணையதளத்தில் சாதாரணப் படம்தான் வரும், எச்.டி.ஆர். படம் தயாராகக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தார்.

“சீக்கிரம் வெளிய விடுங்க சித்தி!” எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“சும்மா இருடி. மரத்துப்போகும் முன்னாடி பல்லைப் புடுங்குவாங்களா?”

வெளியிட்டதும், என்னிடம் கேள்வி கேட்டவளை இழுத்துவந்து எச்.டி.ஆர். காட்டும் சித்தி வீட்டு டிவி முன்னால் உட்காரவைத்தேன். பாசி மினுங்கியது.

“அட, இது அதுல இல்லையே!” என்றாள். பிறகு மெல்ல, “நான் அதைப் பத்து பேருக்கு அனுப்பிட்டேன்டி.”

மக்களேயின் வீடியோ இன்னும் ஓகோவென்று ஓடுகிறது. சித்தியின் வீடியோவைச் சீண்ட ஆளில்லை. அந்த அசிங்கத்தை யாராவது உங்களுக்கு அனுப்பினால், தயவுசெய்து பதிலுக்கு இந்தக் கதையை அவர்களுக்கு அனுப்புங்கள். அவர்கள் யாருக்கெல்லாம் அனுப்பினார்களோ, அவர்களுக்கும் இது போய்ச் சேரட்டும்.