எட்டு கோரும் மூன்று முடிச்சும்

போடியில் கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 'ஒத்த முடிச்சு மகாராணி' என்று பட்டப்பெயர் வாங்கியவள் பக்கத்து ஊர்ச் சிலமலைக்காரி ஒருத்திதான். போன முகூர்த்தத்தில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் நேரலை அப்படியே நின்றுபோனது. அவளுடைய பழைய கம்ப்யூட்டர் மூச்சு விடவில்லை. ஊர் வாய்க்கு அவல் கிடைத்தால் சும்மாவா விடும்?

அதற்குப் பிறகும் தன் கல்யாணத்துக்கு அவளை நம்பிக் கூப்பிட்டவள் கூடப் படித்த கார்த்திகா. கார்த்திகாவின் அப்பா மொக்கையன், போடிமெட்டுச் சாலையில் ஜீப் கவிழ்ந்து இடுப்பு உடைந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஒரே மகளின் கல்யாணத்தைச் செல்போனில்தான் பார்க்க வேண்டும். இதுவும் நின்றால் தொழில் போய்த் தொலையட்டும், அந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பது? மகாராணிக்குச் சோறு இறங்கவில்லை.

வினோத்குமாரின் கம்ப்யூட்டர் கடையில் அவள் கைக்கு அடங்கிய விலையில், கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசசர் இரண்டே இருந்தன. புதுசில் ஆறு கோர்; எங்கோ கழற்றி வந்த பழசில் எட்டு கோர். கோர் என்பது வேலை பார்க்கிற கை மாதிரி, கை கூடினால் சோலி வெரசாக முடியும் என்றான் அவன். எட்டு என்று காதில் விழுந்ததுமே மகாராணி மயங்கிவிட்டாள். ஏலக்காய் தரம் பிரிக்கப் போனவள் அல்லவா! எட்டு எம்.எம். காய் என்றால் ராஜ சரக்கு, ஆறு என்றால் சல்லடையில் கீழே விழுவது. போடிக்காரி புத்தி வேறு எங்கே போகும்? எட்டையே போடச் சொல்லிவிட்டாள்.

அவன் திருப்புளியைக் கையில் எடுத்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. எட்டு எம்.எம். காயையும் லிட்டர் படியில் அளந்து எடை பார்த்துத்தானே வாங்குவார்கள்? உள்ளே விதையரிசி இல்லாத காய் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன?

"அண்ணே, ரெண்டையும் ஓட்டிக் காட்டுங்க. என் கேமராவ மாட்டி, நேரலைய விட்டுப் பாக்கணும்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே எட்டை முதலில் மாட்டினான். ஆரம்பத்தில் பறந்தது. போகப் போகக் காற்றாடி இரைந்தது, சூடு ஏறியது, படம் திக்கித் திக்கி நின்றேவிட்டது. இதைத்தானே வாங்க இருந்தாள், பாவி! அடுத்து மாட்டிய ஆறு கோர், கடை சாத்தும்வரை அலுங்காமல் ஓடியது. அதையே வாங்கினாள்.

கல்யாணத்தன்று அவள் மணமேடையைப் பார்க்கவே இல்லை. கண் திரையை விட்டு அகலவில்லை. கெட்டிமேளம் கொட்டியது. முதல் முடிச்சு விழுந்தது. படம் ஓடியது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதை நாத்தனார் போட்டு முடித்தாள். படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மதுரைக்குப் போய்ச் சேர்ந்ததா? அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. அட்சதை தூவி ஓய்ந்த பிறகும் இல்லை.

கடைசியில் போன் அடித்தது. மொக்கையன்தான்.

"கண்ணக்கூடத் தொடைக்கல ஆத்தா, அந்த நேரத்துல படம் போயிருமோன்னு. மூணையும் பாத்துட்டேன்."

மகாராணி போனைக் கார்த்திகாவிடம் கொடுத்தாள்.