ஏழாம் நம்பர் சட்டை

வெள்ளிக்கிழமை மாலை, பஹ்ரைனில், குதைபியாவில் என் அறை ஜன்னலுக்குக் கீழே காலி மனையில் நம்மூர்ப் பையன்கள் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். "அவன் உங்க ரூம் ஆளே இல்ல! வெளி ஆளக் கொண்டாந்து ஜெயிக்கிறீங்க!" என்று ஒருவன் கத்தினான். கூட இருப்பவள் லீவில் போய்விட்டதால், பேச ஆளில்லாமல் அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அந்தக் கத்தல் ஊரில் நடந்த ஒரு மேட்சை ஞாபகப்படுத்தியது. எனக்கு அப்போது பத்து வயது. என் அக்கா செல்வியின் கால்பந்து ஆட்டத்தைப் பார்த்து ஒரு கல்லூரி அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. அவளுடைய முதல் மேட்சுக்கு என்னையும் கூட்டிப்போனபோது, தெரியாமல் எதிர்க் கல்லூரிப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். ஈரப் புல் வாசம் அடித்தது. சூடான வேர்க்கடலையை என் கையில் கொட்டினார்கள்.

"அந்த ஏழாம் நம்பர் வயசக் குறைச்சு சேர்ந்தவடி. சர்டிபிகேட்டே போலி," என்றாள் ஒருத்தி.

எல்லோரும் "போலி! போலி!" என்று கத்தினார்கள். அது என் அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. நானும் கத்தினேன்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். எதுவும் கேட்கவில்லை.

ஜன்னலை மூடிவிட்டு அவளுக்குப் போன் செய்தேன். "அக்கா, அன்னைக்கு அவங்களோட நானும் கத்தினேன்."

"தெரியும்டி. அவ்வளவு சத்தத்துலயும் உன் குரல் தனியாக் கேட்டுச்சு."

"அப்ப ஏன் ஒண்ணுமே கேக்கல?"

"சின்னப் புள்ளகிட்ட என்ன கேக்கறது? ஆனா அதுக்கப்புறம் உன்ன எந்த மேட்சுக்கும் கூட்டிட்டுப் போகலியே, கவனிச்சியா?"

மைதானம் தூரம் என்பதால்தான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.