வசந்தியக்கா வீட்டில் எல்லாக் குட்டிக்கும் ஒரே விலை

வசந்தியக்கா இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு நாய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். தில்லைநகரில் ஒரு நாய் டாக்டரிடம் கம்பவுண்டராக இருக்கிறேன். அக்காவின் தம்பிதான் கூப்பிட்டார். "அக்கா காலைல தவறிட்டாங்க சார். நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அடுத்ததையும் சொன்னார். "குட்டிங்க ஏழு இருக்கு. நீங்க வந்து ஊசி போட்டு, கார்டுல மேல், ஃபீமேல் எழுதிக் குடுத்துட்டீங்கன்னா வித்துரலாம்." அக்காவின் உடல் அப்போது இன்னும் வீட்டுக்கு வந்து சேரவில்லை. அந்த எரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை. அதனால் இந்த அஞ்சலி கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். அக்காவைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் இருபது வருடத்துக்கு மேல் சேலை எடுத்துப் போட்டவர் அக்கா. வேலையை விட்ட பிறகு ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டிலேயே லேப்ரடார் குட்டிகள் விற்றார். ஆமாம், நாய் விற்றவர்தான். அவரைத் தெய்வமாக்க நான் வரவில்லை. ஆனால் அவர் விற்ற விதமே வேறு. ஒவ்வொரு குட்டிக்கும் இடுப்பில் பழைய வேட்டித் துணியைக் கோவணம் போலச் சுற்றிவிடுவார். வாங்க வருபவர் தரையில் உட்கார வேண்டும். எந்தக் குட்டி மடியேறுகிறதோ அது அவருக்கு. விலை எல்லாவற்றுக்கும் ஒன்றே. பேசி முடிந்த பிறகுதான் துணியை அவிழ்ப்பார். நடுவில் யாராவது குட்டியைத் தூக்கிப் புரட்டப் போனால் சத்தம் போடுவார்: "புரட்டிப் பாக்க அது என்ன சேலையாங்க? மூஞ்சியப் பாருங்க!"

ஒருமுறை நான் ஊசி போடப் போயிருந்தபோது முசிறியிலிருந்து ஒரு வாழைத்தோட்டக்காரர் வந்திருந்தார். துணி அவிழ்ந்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"பொட்டையா? எல்லா எடத்துலயும் பொட்டைக்குப் பாதி வெலதாங்க. வருசத்துக்கு ரெண்டு தடவ வீடெல்லாம் ரத்தம். தெரு நாய் பூரா வாசல்ல வந்து நிக்கும். அப்புறம் குட்டி வேற. யாருங்க மாரடிக்கிறது?"

"அதுக்கு ஆபரேஷன் இருக்குங்க. ஒரு தடவ பண்ணிட்டா முடிஞ்சுது" என்றார் அக்கா பொறுமையாக.

"அந்தச் செலவும் எங்க தலைலதானே? அதான் கொறைங்கன்றேன்."

அப்போதுதான் அக்காவுக்குக் கோபம் வந்தது. "கொறைச்சா யாரு வாங்குவான் தெரியுமா? வளக்கிறவன் வாங்க மாட்டான். குட்டி எடுக்கிறவன் வாங்குவான். சல்லிசாக் கெடைக்குதுன்னு நாலஞ்ச வாங்கிக் கூண்டுல போடுவான். ஈத்து மேல ஈத்தா எடுப்பான். முடியாமப் போனதும் கொள்ளிடக் கரையில எறக்கி விட்டுட்டுப் போயிருவான். எங்க ராணி அங்க கெடந்தவதாங்க."

அவர் பேச்சுக்குச் சொல்லவில்லை. ராணியை ஆட்டோவில் போட்டு எங்கள் கிளினிக்குக்குக் கொண்டுவந்தபோது இறக்கியவன் நான். மடி தரையைத் தொட்டது. நகங்கள் சுருண்டு பாதத்துக்குள் குத்தியிருந்தன. அதன்பின் எட்டு மாதம் இருந்தது. யார் கை பக்கத்தில் வந்தாலும், புரட்டப் போகிறார்கள் என்று தானாகவே மல்லாந்து படுத்துக்கொள்ளும். கொஞ்சத்தான் கை வருகிறது என்று அதற்குக் கடைசிவரை தெரியவில்லை. ராணி போன பிறகுதான் அக்கா குட்டிகளுக்குத் துணி சுற்ற ஆரம்பித்தார்.

அன்று அக்கா பேசியதைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "பொம்பளப் புள்ளைங்களுக்காகப் பேசுற மாதிரியே பேசுறீங்கம்மா" என்று மெச்சினார். அக்காவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. "நான் நாயப் பத்தித்தாங்க பேசுறேன். அதையே கேக்க ஆளக் காணோம்" என்றார்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஈற்றில் ஐந்து குட்டிகள். ஆண்தான் வேண்டும் என்று என் நண்பர் ஒருவர் நச்சரித்தார். ஊசி போட்டவன் என்பதால் எனக்குத் தெரியும். "கறுப்பு ரெண்டும் ஆணு. சந்தனக் கலர் மூணும் தேறாது" என்று சொல்லிவிட்டேன். அவர் பத்துப் பேருக்குச் சொன்னார். வந்தவர்கள் எல்லோரும் கறுப்பையே கேட்டார்கள். சந்தன நிறக் குட்டிகள் நான்கு மாதம் வீட்டிலேயே கிடந்தன. அக்கா விலையைக் குறைக்கவில்லை. அதில் ஒன்று வயிற்றுப்போக்கு கண்டு எங்கள் கிளினிக் மேஜையிலேயே செத்துப்போனது. ஒரு மாதம் அக்கா என்னிடம் பேசவில்லை. பிறகு பேசியபோது இதைத்தான் சொன்னார்: "நீங்க பொய் சொல்லல தம்பி. ஆனா தேறாதுன்னு சொன்னப்ப சிரிச்சீங்களாமே."



அக்காவின் காரியம் முடிந்ததும் ஸ்ரீரங்கம் போனேன். ஏழு குட்டிக்கும் ஊசி போட்டேன். ஏழு கார்டிலும் ஆணா பெண்ணா என்ற கட்டத்தை மட்டும் நிரப்பாமல் விட்டேன்.

"என்ன சார், எழுதலையே?" என்றார் தம்பி.

"அக்கா எழுத விட மாட்டாங்க."

"அக்காதான் இல்லையே சார்."

அவரே பேனாவை வாங்கி, துணிகளை அவிழ்த்து வீசி, குட்டிகளைப் புரட்டிப் புரட்டி எழுதினார். ஆண்கள் மூன்றும் இரண்டு நாளில் போய்விட்டன. பெண்கள் நான்கையும் மொத்தமாக எடுத்துக்கொள்ள ஒருவன் கூடையோடு வந்திருப்பதாக அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். காவிரிப் பாலத்தில் வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். கூடை போய்விட்டிருந்தது. வந்தவன் யார், எந்த ஊர் என்றுகூடத் தம்பி கேட்டு வைக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்ட ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது.

விலை கேட்டேன்.

"சும்மாவே எடுத்துட்டுப் போங்க சார். பொட்டைதானே" என்று சிரித்தார்.

ஆண்குட்டிக்கு அவர் வாங்கிய அதே தொகையை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். ஊசி போடப் போன அன்றே நான்கையும் நான் எடுத்து வந்திருக்கலாம். எழுதாமல் விட்டதே பெரிய வீரம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் கோபம் தம்பி மேல் மட்டும் இல்லை.

அக்காவிடமிருந்து எனக்கென்று இருப்பது இந்த ஒரு குட்டியும், மூலையில் கிடந்த அதன் வேட்டித் துணியும், ஒரு பதிலும்தான். சாயங்காலம் தெருவில் கூட்டிப் போகும்போது யாராவது கேட்காமல் இருப்பதில்லை. "மேலா சார், ஃபீமேலா?"

"மூஞ்சியப் பாருங்க" என்கிறேன். சிரிக்காமல் சொல்கிறேன்.