துண்டில் முடிந்த வெல்லம்

எங்கள் பெரியப்பா மாட்டைக்கூட மரியாதையோடுதான் ஓட்டுவார். "நடங்க சாமி" என்றால் காளைகளும் நடக்கும். அப்படிப்பட்டவர் ஒருநாள் பஸ்ஸில் கண்டக்டரைப் பார்த்து "போடா" என்றார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. கோயம்புத்தூர் டாக்டர் இன்சுலின் கொடுத்து, ஊசி போட்டுக்கொள்ளவும் பழக்கியிருந்தார். ஈர மணல் நிரப்பிய பானைக்குள் மருந்துப் புட்டி இருக்கும். காலையில் கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்து, தொடையில் தானே குத்திக்கொள்வார். அந்த ஊசியில் அவருக்குப் பரம திருப்தி. "ஊசி போட்டுப்போட்டா என்ன வேணும்னாலும் திங்கலாமுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் புகழ்ந்துகொண்டே ஒரு வெல்லக் கச்சாயத்தை வாயில் போட்டுக்கொள்வார். பெரியம்மா பலகார டப்பாவைப் பூட்டியதோடு என்னையும் காவலுக்குப் போட்டிருந்தாள்.

டாக்டரிடம் ஒரு சோதனை உண்டு. சிறுநீரை நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சுவார்கள். நீலமாகவே நின்றால் நல்லது. செங்கல் நிறத்துக்குப் போனால் டாக்டரின் முகமும் அந்த நிறத்துக்குப் போகும். பெரியப்பாவுக்கு எப்போதும் செங்கல்தான். அவர் இப்படி ஃபெயிலாகி ஃபெயிலாகி வருவது, பள்ளிக்கூடம் போகிற பெண்ணான எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தத் தடவை எப்படியாவது நீலம் வாங்கிவிடுவது என்று தீர்மானித்தார். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பச்சைத்தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. காலையில் கிளப்புக்கடையில் சாப்பிட்டுக்கொள்வதாகப் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு, ஊசியை மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே போட்டுக்கொண்டு கிளம்பினார். துணைக்கு நான்.

கருமத்தம்பட்டியில் பஸ் ஏறினோம். பாதி வழியில் அவருக்குச் சட்டை நனைய வியர்த்தது. கை நடுங்கியது, பேச்சு குழறியது. டிக்கெட் கேட்ட கண்டக்டருக்குத்தான் அந்த "போடா". அது மதுவிலக்குக் காலம்.

"காலங்காத்தால போட்டுட்டு வந்திருக்காரு. போலீஸ் ஸ்டேஷன்ல எறக்கி உட்டர்றேன்" என்றார் கண்டக்டர். பெரியப்பா என் தோளில் சாய்ந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சந்தைக்கு வெல்லம் கொண்டுபோகிற அம்மாள் ஒருத்தி எதிரே உட்கார்ந்திருந்தாள். "ஏங்கண்ணு, இவுங்க காத்தால சாப்பிட்டாங்களா?"

"இல்லீங்க. ஊசி மட்டுந்தான் போட்டாங்க."

"சாராய வாசமே இல்லீங்க, பசி மயக்கமாட்ட இருக்குது" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, அவள் செம்புத் தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்தாள். காவல்காரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "சர்க்கரை வியாதிங்க! இனிப்பு ஆகாதுங்க!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வியாதிய அப்பறம் பாத்துக்கலாம் அம்மணி. மொதல்ல மனுசன் முழிக்கட்டும்" என்று என்னை விலக்கிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள்.

சற்று நேரத்தில் பெரியப்பா கண்ணைத் திறந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க, டிக்கெட் எவ்வளவுங்க?" என்று கண்டக்டரைக் கேட்டார். பஸ்ஸே சிரித்தது.

டாக்டரிடம் நீலம் வந்தேவிட்டது. பெரியப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார். டாக்டருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் வெல்லத் தண்ணீர் குடித்ததிலிருந்து எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்துவிட்டேன். டாக்டரின் சிரிப்பு நின்றுபோயிற்று. பெரியப்பாவைத் திட்டுவார் என்று பார்த்தால், உடனே இட்லியும் சர்க்கரை போட்ட காப்பியும் வாங்கிவரச் சொன்னார். பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசினார். அடுத்த முறை பெரியம்மாவையும் வரவழைத்தார்.

அதன்பிறகு பெரியப்பா எங்கே கிளம்பினாலும் பெரியம்மா அவர் துண்டின் நுனியில் ஒரு வெல்லக்கட்டியை முடிந்துவிட ஆரம்பித்தாள். பலகார டப்பா மட்டும் பூட்டியபடியே இருந்தது. எனக்கு யாரும் எதுவும் விளக்கவில்லை. நீலம் வாங்கியதற்கு டாக்டர் கொடுக்கச் சொன்ன பரிசு அது என்று நானே கண்டுபிடித்துக்கொண்டேன்.

"இன்னொருக்கா நீலம் வந்தா இன்னொரு கட்டி குடுப்பீங்களா, பெரியம்மா?" என்று கேட்டேன்.

பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு கட்டி வெல்லத்துக்குப் போய் இப்படி அழுகிறாளே என்று நினைத்தேன்.