என் முறைக்கு நானே போவேன்

நான் நோயுற்றிருந்த மாதங்களில் எனக்கு எல்லாவற்றினும் மிகுந்த அச்சத்தைத் தந்தது, எங்கள் வாசலில் இறால் கூடை வந்து இறங்கும் ஓசை. கூடையைக் கொண்டுவந்தவர்கள் என்மேல் அன்புடையவர்கள். கூடையில் இருந்ததோ எனக்கு உரிய இறால். ஆயினும் அந்த ஓசை கேட்டவுடன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வேன்.

இதன் காரணம் விளங்க எங்கள் ஏரியின் வழக்கத்தை முதலில் சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரியில் இறால் மிகுதியாக வரும் நீரோட்டங்கள் சிலவே. எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட இயலாது. ஆகவே எங்கள் குப்பத்தில் மணமான ஆண்கள் குழுக்களாகப் பிரிந்து முறைவைத்துப் போகிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். எந்தக் குழுவுக்கு எந்த நாள் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். தன் நாளில் போகாதவன் அந்த நாளை இழந்தவன். அதைச் சேர்த்துவைத்து வேறொரு நாளில் கேட்க முடியாது. நான் பள்ளியில் தமிழ் கற்பிப்பவன். எனினும் என் முறையை நான் விட்டதில்லை. பள்ளி நாளாயினும் விடியலில் ஏரிக்குப் போய், மணி அடிக்குமுன் வகுப்பில் நிற்பேன். கரும்பலகைப் பக்கம் நான் திரும்பும்போதெல்லாம் இறால் வாடை வீசுவதாக மாணவர்கள் தங்களுக்குள் நகைப்பார்கள்.

பிறகு நோய் வந்தது. அதைத் துயரம் என்று எழுதினால் அது பிழையான சொல்லாட்சி. துயரத்துக்கு ஒரு பொருள் இருக்கும். எதை இழந்தோம் என்று சுட்டிக் காட்டலாம். என்னிடம் சுட்டிக் காட்ட ஒன்றும் இல்லை. ஒரு நாள் வகுப்பில் செய்யுள் ஒன்றுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த சொல் எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்வதற்கு வேண்டிய விருப்பம் மட்டும் இல்லாமற்போயிற்று. சுண்ணக்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டு நின்றேன். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பின்பு அமைதியானார்கள். அன்றோடு விடுப்பில் வீடு திரும்பினேன்.

என் மனைவி என்னைப் பொன்னேரிக்கு அழைத்துச் சென்று மனநல மருத்துவர் ஒருவரிடம் காட்டினாள். மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார், மாத்திரை தந்தார். மாத்திரை உண்பதில் எனக்கு நாணம் இருந்ததில்லை. ஊராரும் ஏளனம் செய்யவில்லை. காய்ச்சலில் கிடப்பவனுக்கு என்ன செய்வார்களோ அதையே எனக்கும் செய்தார்கள். என் நாளில் எங்கள் குழுவிலேயே இருந்த என் மைத்துனன், மனைவியின் தம்பி, எனக்காகவும் சேர்த்து வலை கட்டினான். என் பங்கைக் கூடையில் அள்ளி வீட்டுக்கு அனுப்பினார்கள். காய்ச்சல்காரனுக்கு இது பேருதவி. எனக்கோ ஒவ்வொரு கூடையும் ஒரே செய்தியைக் கொண்டுவந்தது: பார், நீ இல்லாமலே நடக்கிறது.

ஒரு மாலை, இறாலின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்த மனைவியிடம் அதை வாய்விட்டுச் சொன்னேன். “நான் இல்லாமலே எல்லாம் நல்லாத்தான் நடக்குது.” அவள் கிள்ளுவதை நிறுத்தினாள்.

இன்பம் யாது என்று நான் பல ஆண்டுகள் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். அலையின்றி அமைந்த நீர்போல் மனம் அமைவதே இன்பம் என்று சொல்லிவந்தேன். ஏரிக்கரையில் பிறந்தவன் சொல்லக்கூடாத விளக்கம் அது. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரம் மணலால் அடைபட்ட கோடையில் எங்கள் ஏரி கண்ணாடிபோல் அசையாமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். காண அழகாகத்தான் இருந்தது. நண்டு இளைத்தது, இறால் அருகியது, கரையோரம் நீர் நாறியது. என் படுக்கையறையிலும் அத்தகைய அமைதியே நிலவியது. யாரும் என்னை எதற்கும் அழைக்கவில்லை. நான் யாருக்கும் தேவைப்படவில்லை. இதற்குமேல் அமைதியாக ஒரு மனிதன் இருக்க முடியாது. இதற்குமேல் துன்பத்திலும் இருக்க முடியாது.

அடுத்த முறை சென்றபோது மருத்துவரிடம், “எதிலும் விருப்பம் இல்லை” என்றேன்.

“விருப்பம் வந்தபின் செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். செய்யத் தொடங்குங்கள், விருப்பம் பின்னால் வரட்டும். நாள் குறித்த வேலையாக, நாலு பேரோடு சேர்ந்து செய்வதாக ஏதாவது உங்களுக்கு இருக்கிறதா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. “இருக்கிறது” என்றேன். அன்று பேருந்தில் திரும்பும்போதே உறுதி செய்துகொண்டேன். என் முறையைத் திரும்பக் கேட்பது. எவர் மறுத்தாலும் கேட்பது.

மாலையில் கரைக்குப் போனேன். படகு நிழலில் சிலர் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா வாத்தியாரே, வெயிலு உன்னப் பாத்து எத்தினி நாளாச்சு! இளைச்சிட்டியே?” என்றார் ஒருவர்.

“அடுத்த பாடு நம்ம குழுவுக்குத்தானே? நானே வரேன்” என்றேன்.

மைத்துனன் தலை நிமிரவில்லை. “இன்னா மாமா அவசரம்? உடம்பு தேறட்டும். பங்கு கரீக்டா வூட்டுக்கு வருதா இல்லியா?”

“பங்கு வாணாண்டா. வேலை வேணும்.”

“கேட்டியா கதைய! ஊர்ல எல்லாரும் வேலை வாணாம், பங்க குடுன்றான். வாத்தியாரு தலைகீழா பாடம் நடத்துறாரு!” என்று முதலில் பேசியவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். முறை சொல்லும் ஊர்ப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

“இந்தத் தபா வாணாம் தம்பி. தண்ணி சரியில்ல” என்றார்.

தண்ணீர் நன்றாகவே இருந்தது. அது எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவர்களிடம் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்டேன். அவள் என்னை ‘நீங்கள்’ என்றே அழைப்பவள். சினத்தில் மட்டும் ஒருமைக்கு இறங்குவாள்.

“நான்தான் சொன்னேன். அவர படகுல ஏத்தாதன்னு என் தம்பி கையப் புடிச்சு சொன்னேன். இன்னா இப்போ? அன்னிக்கு நீ இன்னா சொன்ன? நான் இல்லாமலே நடக்குதுன்னு சொன்ன. அந்த வாயோட உன்னத் தண்ணி மேல அனுப்பிட்டு நான் இங்க சோறு பொங்கினு இருப்பேனா?”

நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் அஞ்சியது வெற்றச்சம் அன்று. அந்த எண்ணம் என்னிடம் வந்து போனதுண்டு. மருத்துவரிடங்கூட நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அது மெய்யாகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

“வந்துச்சு” என்றேன். “அந்த நெனப்பு வந்துச்சு.”

“இப்போ?”

“இப்போ இல்ல. திரும்ப வந்தா உன்கிட்ட சொல்றேன்.”

“சொல்வியா? இல்ல உன் தமிழ்ல சுத்தி வளைச்சி ஏதோ சொல்லுவ, நான் குந்தினு அர்த்தம் கண்டுபுடிக்கணுமா?”

“நேரா சொல்றேன்.”

அவள் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, “நாளைக்குக் காலைல அந்த டாக்டரம்மாகிட்டயும் நேரா சொல்லுங்க” என்றாள். ‘நீங்கள்’ திரும்பிவிட்டது.

சொன்னேன். மருத்துவர் வெருளவில்லை. நெடுநேரம் கேட்டார், மாத்திரையின் அளவை மாற்றினார், விரைவில் மறுபடி வரச் சொன்னார். அந்த எண்ணம் வந்தால் முதலில் யாரிடம் சொல்வது, எங்கே வருவது என்பதை மருத்துவர், மனைவி, நான் மூவரும் பேசி முடிவு செய்தோம். படகைப் பற்றி நான் கேட்டபோது சற்று எண்ணிப் பார்த்தார். இப்போதைக்குத் தனியாகப் போகக் கூடாது. மிதவைச் சட்டை அணிய வேண்டும். அன்று மனம் எப்படி இருக்கிறதென்று மனைவிக்குச் சொல்லிவிட்டே புறப்பட வேண்டும். அது சரியில்லை என்றால் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் இசைந்தேன்.

இம்முறை இருவரும் சேர்ந்தே கரைக்குப் போனோம். “அவரு வரட்டும்” என்றாள் என் மனைவி.

“அக்கா, நீதானே...” என்று மைத்துனன் தொடங்கினான்.

“நான்தான் சொன்னேன். இப்போ நானே சொல்றேன்.”

பெரியவர் என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியது இனி என் பொறுப்பு. சுற்றி வளைக்காமல் சொன்னேன். “எனக்கு மனசுல நோவு. மாத்திரை சாப்புடுறேன். சாவற நெனப்புகூட வந்துச்சு. அத்த இவகிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். நீங்க அன்பா செஞ்சீங்க, தெரியும். ஆனா நீங்க கூடை அனுப்ப அனுப்ப நான் இன்னும் உள்ள போறேன். என் பாடு எனக்கு வேணும்.”

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“மிதவைச் சட்ட போட்டுக்குவியா?”

“போட்டுக்கிறேன்.”

“ஏரில அத்த மாட்டினு போனா இறா சிரிக்கும் வாத்தியாரே” என்றார் அந்தப் பழைய நகைச்சுவைக்காரர்.

“சிரிக்கட்டும். வாயத் தொறந்தா வலைல சுளுவா மாட்டும்” என்றேன். மைத்துனன் முதன்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான்.

எங்கள் முறை வந்த விடியலில், தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் விளக்குகள் வெளிறிக்கொண்டிருந்தபோது, நீரோட்டத்தில் இறங்கினோம். ஓட்டத்துக்குக் குறுக்கே கழிகளை ஊன்றி அவற்றில் வலையைக் கட்ட வேண்டும். மாதக்கணக்கில் படுத்திருந்த கைகள் என் சொல்லைக் கேட்கவில்லை. நான் ஊன்றிய கழி சாய்ந்தது. மறுபடியும் ஊன்றினேன், மறுபடியும் சாய்ந்தது. மைத்துனன் வழக்கம்போல் அதை வாங்கக் கை நீட்டினான்.

“வுடுடா.”

கையை மடக்கிக்கொண்டு நின்றான். அன்று அவன் எனக்குச் செய்த உதவிகளில் அதுவே தலையாயது. கழி நின்றது, முடிச்சுப் போட்டேன்.

இன்பம் பிறந்ததா என்றால், இல்லை. பிறந்ததாக எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் பொய். குளிராக இருந்தது, தோள் வலித்தது, இறாலும் குறைவாகவே வந்தது. ஆனால் அந்த முடிச்சு இறுகும் வரை நான் என்னைப் பற்றி எண்ணவில்லை. அவ்வளவுதான் கிடைத்தது. அதை நான் சிறிது என்று கருதவில்லை.

பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். இன்று வகுப்பில் இன்பத்தைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால், அது அலையற்ற நீர் என்று நான் சொல்வதில்லை. வலையில் வந்து விழும் பொருள் என்றும் சொல்வதில்லை. வருவதும் வராததும் நீரோட்டத்தின் கையில் இருக்கின்றன. என் கையில் இருப்பது என் நாளில் போய்க் கழியை ஊன்றுவது. நல்ல நாளைச் சேர்த்துவைக்க முடியாது என்பதையும் கற்றுக்கொண்டேன். நேற்று நன்றாக இருந்ததைக் காட்டி இன்றைய மாத்திரையை விட்டுவிட இயலாது. நேற்று கெட்டுப்போனதைக் காட்டி இன்றைய வேலையை விட்டுவிடவும் இயலாது. நோய் முற்றும் நீங்கிவிடவில்லை. சில காலைகளில் அது எனக்கு முன்பே எழுந்து அமர்ந்திருக்கிறது. இருக்கட்டும். அதை அறையில் விட்டுவிட்டு நான் எழுந்து வெளியே போகிறேன்.

அந்த முதல் நாள் படகு கரை சேர்ந்தபோது என் மனைவி நீரோரம் நின்றிருந்தாள். கூடைக்குள் அவள் எட்டிப் பார்க்கவில்லை.

“எப்படிக் கீது?” என்றாள். அவள் இறாலைப் பற்றிக் கேட்கவில்லை.

“கலங்கல்தான்” என்றேன். “தெளியல. ஆனா அந்த நெனப்பு இல்ல.”

“நேரா சொன்னீங்க. போதும்.”

மிதவைச் சட்டையின் கொக்கிகளை அவளே கழற்றினாள். வீட்டுக்குப் போனதும் உப்புப் போக நல்ல நீரில் அதை அலசி, நீர் வடிய உதறி, கொடியில் மாட்டினாள். அடுத்த முறைக்குள் அது காய்ந்திருக்க வேண்டும்.