ரஞ்சிதா பேசாமல் இருந்தபோது

வெண்ணந்தூர் ரஞ்சிதாவுக்கு ரகசியம் என்று ஒன்று கிடையாது. இருந்திருந்தால் நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும். கலியாணத்துக்கு முந்தியே விசைத்தறிப் பட்டறையில் நின்றவள். தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி, அவள் "காப்பி குடிச்சீங்களா?" என்று விசாரித்தாலே பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை பார்க்க வாசலுக்கு வந்துவிடுவார்கள். மாமியார் சௌந்திரமும் அதே பட்டறைதான். இரண்டு பேரும் கொஞ்சிக்கொள்வதே பஞ்சாயத்து மாதிரி இருக்கும்.

அப்பேர்ப்பட்டவள் தலைப்பிரசவத்துக்கு அரசு ஆஸ்பத்திரியில் படுத்தால் கேட்கவா வேண்டும்? வந்ததும் வராததுமாக, "சிஸ்டர், தண்ணி குடிக்கலாமுங்களா?" என்றாள். வார்டே திரும்பிப் பார்த்தது.

"எதுக்கும்மா இந்தக் கத்து கத்தற? இன்னும் வலியே சரியா எடுக்கல" என்றார் சிஸ்டர் கிருத்திகா.

"கத்தலீங்க. பேசறனுங்க."

முதல் பரிசோதனை அவசரத்தில் நடந்தது. சிஸ்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையுறையை மாட்டினார், காலை விலக்கினார், உள்ளே கைவிட்டுப் பார்த்தார். ரஞ்சிதாவுக்கு உயிரே போய் வந்தது. வலியைவிட வெட்கம், வெட்கத்தைவிட ஆத்திரம். "இனி எவ கையும் எம்மேல படக்கூடாது!" என்று அவள் போட்ட சத்தத்தில், வெளியே நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். அடுத்த முறை சிஸ்டர் வந்தபோது முட்டி இரண்டையும் இறுக்கிக்கொண்டாள்.

"சரி, வேணும்னா நீயே கூப்பிடு. உனக்குத்தான் வாய் இருக்கே" என்று சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அப்புறம் வலி வந்தபோதெல்லாம் ரஞ்சிதா ஊரைக் கூட்டினாள். புருஷன் சின்னராஜைத் திட்டினாள். அவனைப் பெற்றவளையும் திட்டினாள். பெற்றவளோ பக்கத்தில் உட்கார்ந்து, மருமகளின் இடுப்பைத் தேய்த்துவிட்டபடி, "திட்டு சாமி, நல்லாத் திட்டு" என்றாள்.

சாயங்காலம் சத்தம் சட்டென்று நின்றது. அப்பாடா, வலி விட்டிருக்கிறது என்று சிஸ்டர் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். சௌந்திரமோ இடுப்பைத் தேய்ப்பதை விட்டுவிட்டு மருமகளின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். தறி ஓடிக்கொண்டிருக்கும்வரை பட்டறைக்காரர்களுக்குக் கவலையில்லை; சத்தம் நின்றால்தான் பதறி ஓடுவார்கள். ரஞ்சிதா பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"ஏனுங்க சிஸ்டர், ஓடியாங்க! இவ பேசாம இருக்கறா!"

"பேசாம இருந்தா நல்லதுதானேம்மா?"

"ஐயோ, இவ பேசாம இருந்து நான் பார்த்ததே இல்லீங்க!"

சிஸ்டர் ஓடி வந்தார். முட்டி விலகவில்லை. உள்ளே பார்க்காமல் குழந்தை எந்த நிலையில் இருக்கிறதென்று தெரியாது. பலவந்தமும் செய்ய முடியாது. "என்ன கண்ணு பயம்?" என்றார். ரஞ்சிதாவின் உதடு மட்டும் அசைந்தது. தறிச் சத்தத்துக்குள் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் பிடித்துப் பழகியவள் சௌந்திரம்.

"சொல்லிட்டுத் தொடோணுமாமுங்க."

சிஸ்டருக்குச் சுருக்கென்றது. "காலையில பண்ணது தப்புதாம்மா. இப்பக் கால்ல கை வெக்கறேன். மூச்சை மெதுவா ஊது. இனி உள்ள பாக்கப் போறேன். நிறுத்துன்னா நிறுத்திடுவேன்."

ரஞ்சிதா ஊதினாள். முட்டி தளர்ந்தது.

"அடிப்பாவி, தலையே தெரியுதே!"

பெண் குழந்தை. தையல் போடும்போதும் சிஸ்டர் ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லியே போட்டார். மகளை மார்பில் போட்டுக்கொண்டு ரஞ்சிதா கண் சொருகும் நேரம், திரைக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த பெண் ஒருத்தி பயந்து விசும்புவது கேட்டது. ரஞ்சிதா தலையைத் தூக்கினாள்.

"சிஸ்டர்! அந்தப் புள்ளைக்கும் சொல்லிட்டுத் தொடுங்க!"

"சொல்லிட்டேன் தாயி, சொல்லிட்டேன்" என்று திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "நீ தூங்கு."